ஒரு சென்ட் காசில் ரெண்டு 1955

நான் காசு சேக்கிறவன்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான். "எங்க தாத்தா காலத்துக் காசு ஒண்ணு வீட்ல இருக்கு, என்ன ரேட்டு போகும்?" பழசு என்கிற ஒரே காரணத்துக்காக எந்தக் காசுக்கும் விலை வந்துடாது மக்களே. ஆயிரத்தைநூறு வருஷத்துக்கு முந்தின ரோமானியச் செப்புக் காசு, நாலு பேர் ஓட்டலில் சாப்பிடுற செலவுக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் 1955ல் அமெரிக்காவில் அடிச்ச ஒரு சென்ட் காசு, அதாவது அந்த நாட்டின் ஆகக் குறைஞ்ச மதிப்புள்ள சில்லறை, நல்ல நிலையில் இருந்தால் ஆயிரம் டாலருக்கு மேல் போகுது. தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். அதில் இருக்கிற ஒரே விசேஷம், அது தப்பா அடிச்ச காசு.

அந்தத் தப்பு எப்படி நடந்தது, ஒரு தப்புக்கு எப்படி விலை வந்தது, அந்த விலை வந்த பிறகு என்னென்ன கூத்து நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி புடுங்குற நேரத்தில் படிக்காமல் சாயங்காலமா டீயோட உட்கார்ந்து படிங்க :-)

அச்சுக்கு அச்சு

முதலில் காசு எப்படித் தயாராகுதுன்னு தெரியணும். காசு அடிக்கிற அச்சுக்கு 'டை' என்று பேர். எஃகில் செஞ்சது. காசில் மேடாகத் தெரியும் எழுத்தும் உருவமும் அச்சில் பள்ளமாக, இடவலம் மாறி இருக்கும். வெத்துச் செம்பு வில்லையை ரெண்டு அச்சுக்கு நடுவில் வெச்சு ஒரு அடி. தலைப் பக்கமும் பூப் பக்கமும் ஒரே நேரத்தில் பதிஞ்சுடும். கொழுக்கட்டை அச்சு மாதிரிதான், மாவுக்குப் பதில் செம்பு, கைக்குப் பதில் பல டன் அழுத்தம்.

ஒரு அச்சு சில லட்சம் காசு அடிச்சதும் தேஞ்சு போயிடும். 1955ல் பிலடெல்பியா நாணயச்சாலை மட்டும் அடிச்ச ஒரு சென்ட் காசுகள் சுமார் 33 கோடி. அப்படின்னா எத்தனை நூறு அச்சு வேணும்னு பாத்துக்குங்க. ஒவ்வொன்னையும் கையால செதுக்க முடியாது. அதனால் அச்சு செய்வதற்கே ஒரு அச்சு உண்டு. அதுக்குப் பேர் 'ஹப்'. ஹப்பில் உருவம் காசில் இருப்பது போலவே மேடாக இருக்கும். இந்த ஹப்பை மெத்தென்று பதப்படுத்தின எஃகுத் துண்டின் மேல் வெச்சு அழுத்தினால், பள்ளமான அச்சு கிடைக்கும். மூல ஹப்பிலிருந்து மூல அச்சு, அதிலிருந்து வேலை ஹப், அதிலிருந்து வேலை அச்சு என்று பரம்பரை பரம்பரையாகப் போகும். நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணும்னா ஹப்தான் சோர்ஸ் கோட், அச்சு என்பது பில்டு, காசு என்பது கஸ்டமர் கைக்குப் போன காப்பி.

இப்பதான் முக்கியமான விஷயம். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. அழுத்த அழுத்த எஃகு இறுகிக்கொண்டே போகும். அதனால் ஒரு தடவை அழுத்திட்டு, அச்சை உலையில் வெச்சுச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு மறுபடி மெத்தென்று ஆக்குவாங்க. அப்புறம் பழையபடி ஹப்புக்கு அடியில் வெச்சு ரெண்டாவது அழுத்து. தேவைப்பட்டால் மூணாவது. ஒவ்வொரு தடவையும் முன்னால் பதிஞ்ச உருவத்தின் மேலேயே துல்லியமா உட்காரணும். துளி பிசகினால் போச்சு. முதல் உருவம் ஒரு இடத்திலும் ரெண்டாவது உருவம் பக்கத்திலுமாக, ஒரே அச்சில் ரெண்டு பதிவு நின்னுடும். இதுதான் 'டபுள்ட் டை'. இரட்டை அச்சுன்னு மொழிபெயர்த்தால் ரெண்டு அச்சு இருக்குதோன்னு தோணும். அப்படி இல்லை. அச்சு ஒண்ணுதான், அதில் உருவம்தான் இரட்டிச்சிருக்கு. இரட்டிச்ச அச்சுன்னு வேணும்னா வெச்சுக்கலாம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? காசு அடிக்கும்போது வில்லை நழுவி ரெண்டு அடி வாங்கினால், கெட்டது அந்த ஒரு காசு மட்டும்தான். அச்சே கெட்டுப் போயிருந்தால், அந்த அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு காசும் அதே இடத்தில் அதே அளவுக்கு இரட்டிச்சு வரும். முதல் காசுக்கும் கடைசிக் காசுக்கும் இதில் மாற்றம் இருக்காது. இது ரன் டைமில் எப்பவாவது வருகிற கோளாறு இல்லை, பில்டிலேயே உட்கார்ந்திருக்கும் பக். அதனால்தான் இதைப் பிழை என்று சொல்லாமல் 'வெரைட்டி', ஒரு வகை, என்று சேகரிப்பாளர்கள் தனியா வெச்சிருக்காங்க. ஒரு தடவை அடையாளம் தெரிஞ்சுட்டால் உலகத்தில் இருக்கிற மத்த எல்லாக் காசையும் அதை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்துடலாம்.

பிலடெல்பியாவில் ஒரு ராத்திரி ஷிப்டு

1955ல் பிலடெல்பியாவில் தயாரான ஒரு சென்ட் தலைப்பக்க அச்சு ஒண்ணு, முதல் அழுத்துக்கும் அடுத்த அழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் சுழன்று போயிருந்தது. விக்டர் டேவிட் பிரென்னர் 1909ல் வடிவமைச்ச லிங்கன் தலை நடுவில். மேலே 'இன் காட் வி டிரஸ்ட்', இடது பக்கம் 'லிபர்ட்டி', வலது பக்கம் வருஷம். இந்த மூணும் கண்ணாடி போடாமல் எழுத்தைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ரெண்டு ரெண்டாக நிற்குது. 1955 என்பது 11995555 மாதிரி தெரியும். வேடிக்கை என்னன்னா லிங்கன் முகத்தில் அந்த அளவுக்கு ஒண்ணும் தெரியாது. இதுக்குக் காரணம் சாதாரண ஜியாமெட்ரி. சுழற்சியால் வரும் விலகல், மையத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குத் தக்கபடி கூடும். எழுத்தெல்லாம் விளிம்பு ஓரத்தில் இருப்பதால் பளிச்சென்று பிரிஞ்சுடுச்சு. முகம் நடுவில் இருப்பதால் விலகல் கம்மி, அதையும் ரெண்டாவது அழுத்து மூடிடுச்சு.

இவ்வளவு அப்பட்டமான கோளாறு எப்படித் தப்பிச்சு மிஷினுக்குப் போச்சு? அச்சு சின்னது, பள்ளமான இடவலம் மாறின உருவம், அதைச் சோதிக்கிறவர் கையில் ஒரு நாளைக்குப் பல அச்சு. பார்க்காமல் விட்டிருக்கலாம். அதை மாட்டி ராத்திரி ஷிப்டு முழுக்க ஓட்டிட்டாங்க. ஒரு மேற்பார்வையாளர் கவனிச்சு மிஷினை நிறுத்தி அச்சைக் கழட்டுறதுக்குள்ளே சுமார் 40,000 காசு அடிச்சாச்சு. அதில் 20,000 முதல் 24,000 வரை பக்கத்து மிஷின்களில் அடிச்ச நல்ல காசுகளோட ஏற்கெனவே கலந்துடுச்சுன்னு பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இப்ப நாணயச்சாலை அதிகாரிகள் முன்னால் ரெண்டு வழி. ஒண்ணு, கலந்து போன மொத்தக் குவியலையும், லட்சக்கணக்கான காசுகளை, உருக்குவது. இன்னொண்ணு, அப்படியே வெளியே விடுவது. கலந்து போன தப்புக் காசுகளின் முக மதிப்பு எவ்வளவு? 24,000 சென்ட் என்றால் வெறும் 240 டாலர். அதுக்காக இத்தனை காசை மறுபடி உருக்கி அடிக்கிறதா? ஒரு சென்ட்டை எவன் உத்துப் பாக்கப் போறான்னு நினைச்சிருப்பாங்க. கலந்ததை வெளியே விட்டுட்டாங்க. ரிலீஸ் தேதி நெருங்கினால் தெரிஞ்ச பக்கோடயே பில்டை அனுப்புற வழக்கம் 1955லேயே இருந்திருக்கு பாருங்க :-)

சிகரெட் பாக்கெட்டுக்குள் ரெண்டு சென்ட்

யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சது பொய்யாகிப் போனதுக்கு ஒரு காரணம் சிகரெட். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மிஷினில் காசு போட்டு சிகரெட் வாங்குவாங்க. பாக்கெட் விலை 23 சென்ட். மிஷினோ 25 சென்ட் நாணயத்தைத்தான் வாங்கும், மீதிச் சில்லறை கொடுக்கத் தெரியாது. அதனால் கம்பெனிக்காரர்களே ரெண்டு புது சென்ட் காசை பாக்கெட்டின் கண்ணாடித் தாளுக்குள் செருகி அனுப்பிடுவாங்க. அதுதான் பாக்கி.

புத்தம் புதுசா, செக்கச் செவேல்னு, கண்ணாடித் தாளுக்குள் வெச்சுக் காட்சிக்கு வெச்ச மாதிரி ரெண்டு காசு. பாஸ்டன் வட்டாரத்திலும் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும் இந்த இரட்டைக் காசுகள் இப்படித்தான் நிறைய வெளியே வந்தன. சில்லறைப் பையில் நூத்தோட நூத்தியொண்ணாகப் போயிருந்தால் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்?

இதுக்கு ஒரு நீண்ட கால விளைவும் இருக்கு. சீக்கிரமே கண்டுபிடிச்சு எடுத்து வெச்சுட்டதால், இன்னிக்கு மிச்சம் இருக்கிற 1955 காசுகளில் பெரும்பாலானவை அதிகம் தேயாதவை. சில நாளோ சில மாசமோ கைமாறியிருக்கும், அவ்ளோதான். ரொம்பத் தேய்ஞ்சதும் கம்மி, கை படாத பளபளப்போட இருப்பதும் கம்மி.

இதுக்கு நேர் எதிர்க் கதை 1916 ஐந்து சென்ட், எருமைக் காசு என்பார்களே அது. அதிலும் இதே மாதிரி வருஷம் பளிச்சென்று இரட்டிச்ச அச்சு ஒண்ணு உண்டு. ஆனால் அதைப் பல பத்து வருஷம் யாரும் கவனிக்கவே இல்லை. ஊர் ஊராகச் சுத்திக் கிட்டத்தட்ட வழவழன்னு ஆன பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது. அதனால் நல்ல நிலையில் ஒண்ணு கிடைப்பது குதிரைக் கொம்பு. தேய்ஞ்ச காசுக்கே சில ஆயிரம் டாலர். அச்சில் நடந்த தப்பு ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். எப்போ கண்டுபிடிச்சாங்க என்பதுதான் ரெண்டு காசின் தலையெழுத்தையும் வேற வேறயா எழுதினது.

ஆல்பத்தில் ஒரு ஓட்டை

1955 காசு வெளியே வந்தப்போ எல்லாரும் உடனே தலைமேல் தூக்கி வெச்சுக் கொண்டாடலை. காசு சேகரிப்பு என்றால் அதுவரைக்கும் வருஷம், எந்த நாணயச்சாலை, ரெண்டையும் பார்த்து வரிசையாக அடுக்குறதுதான். நாணயச்சாலையில் நடந்த தப்பு என்பது வேடிக்கைப் பொருள், அதைப் போய்க் காசு கொடுத்து வாங்குவதான்னு நினைச்சவங்க நிறைய.

மாற்றம் வந்தது ரெண்டு வழியில். ஒண்ணு, பெருங்கூட்டம். 1950களிலும் 60களின் முதல் பாதியிலும் அமெரிக்காவில் சில்லறையைக் கொட்டிப் பொறுக்கிச் சேர்ப்பது பெரிய ஜுரமாக இருந்தது. நீல அட்டை ஆல்பத்தில் வருஷம் வருஷமாக ஓட்டை போட்டிருக்கும், பசங்க ஒவ்வொரு சென்ட்டாக அதில் அழுத்தி வெச்சுக்கிட்டே வருவாங்க. பாங்கில் ஐம்பது காசு ரோல்களை வாங்கி வந்து பிரிச்சுத் தேடுவாங்க. இன்னொண்ணு, புத்தகம். 'ரெட் புக்' என்று எல்லாரும் அழைக்கும் விலைப் புத்தகம் 1946லிருந்து வருது. அதில் ஒரு காசுக்குத் தனி வரி கிடைச்சுட்டால், அது வேடிக்கைப் பொருள் என்ற நிலை போய், வரிசையில் இருந்தே தீரவேண்டிய ஒண்ணாக ஆயிடும்.

மதிப்பு விஷயத்தில் இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். அரிதாக இருந்தால் மட்டும் விலை வராது. ஒரே ஒரு காசு மட்டும் இருக்கிற எத்தனையோ பிழைகளை அம்பது நூறு டாலருக்கு வாங்கலாம், ஏன்னா அது வேணும்னு தேடுற ஆள் நாலு பேர்தான். 1955 காசோ ஆயிரக்கணக்கில் இருக்கு. ஆனால் லிங்கன் சென்ட் வரிசை சேக்கிறவர்கள் லட்சக்கணக்கில். எல்லாருக்கும் அந்த ஓட்டையை நிரப்பணும். தப்பு வெறும் கண்ணுக்கே தெரியுது, லென்ஸ் வேண்டாம், பாட்டிக்குக்கூடக் காட்டிப் புரிய வைக்கலாம். பின்னால் சொல்ல ஒரு கதையும் இருக்கு. இந்த நாலும் சேர்ந்ததுதான் விலை.

நிஜத்தைப் போலி என்று அழிச்ச கதை

1955 விலை ஏறினதும் சும்மா இருப்பாங்களா? போலிகள் வர ஆரம்பிச்சது. அடுத்த கூத்து 1969ல்.

அந்த வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் அடிச்ச சென்ட்களில் ஒரு அச்சு, 1955 மாதிரியே சுழன்று இரட்டிச்சது. வருஷத்துக்குக் கீழே சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் 'எஸ்' எழுத்து இருக்கும். அதனால் 1969 எஸ் என்பார்கள். 1970ல் சேகரிப்பாளர்கள் சிலர் கையில் இது கிடைச்சது. ஆனால் காலம் சரியில்லை. அதே சமயத்தில் ரெண்டு பேர் 1969 இரட்டிச்ச சென்ட் என்று போலிக் காசு தயாரிச்சு மாட்டியிருந்தாங்க. அவங்க போலியில் எஸ் எழுத்து கிடையாது, பிலடெல்பியா காசு மாதிரி செஞ்சிருந்தாங்க.

அமெரிக்காவில் கள்ளக் காசைப் பிடிக்கிற வேலை சீக்ரெட் சர்வீஸுடையது. 1865ல் அந்த அமைப்பை ஆரம்பிச்சதே அதுக்குத்தான். ஜனாதிபதியைக் காக்குற வேலை பின்னால வந்தது. போலிக்காரர்கள் பிடிபட்ட சூட்டில், சான் பிரான்சிஸ்கோவின் நிஜக் காசுகளையும் போலி என்று முடிவு பண்ணிப் பறிமுதல் பண்ணிட்டாங்க. சிலதை அழிச்சும் போட்டாங்க. பிறகுதான் அது அரசாங்க நாணயச்சாலையிலேயே நியாயமா அடிச்ச காசு என்று தெரிஞ்சது. அரசாங்கம் அடிச்சு, அரசாங்கமே வெளியே விட்டு, அரசாங்கமே கள்ளக் காசுன்னு பிடிச்சு அழிச்சது. மொத்தமே நூறுக்கும் கம்மியாகத்தான் தப்பிச்சதுன்னு மதிப்பீடு. 2007ல் ஒருத்தர் பிரிக்காத ரோல்களைத் தேடும்போது அவர் கையில் ஒண்ணு சிக்கினது. அடுத்த வருஷம், 2008 ஜனவரி ஏலத்தில் அது போன விலை 1,26,500 டாலர்.

இதில் எனக்குப் பிடிச்சது, நிஜத்தையும் போலியையும் பிரிக்கிற தர்க்கம். அந்தக் காலத்தில் நாணயச்சாலைக் குறி எழுத்து ஹப்பில் கிடையாது. அச்சு முழுசாகத் தயாரான பிறகு, ஊர் எழுத்தைத் தனி உளியால் கையால் தட்டுவாங்க. இந்தப் பழக்கம் 1980களின் கடைசி வரை இருந்தது. அப்படின்னா என்ன அர்த்தம்? ஹப் அழுத்தும்போது இரட்டிச்சது வருஷமும் வாசகமும்தான். எஸ் எழுத்து அப்புறம் தட்டினது, அது இரட்டிக்க வாய்ப்பே இல்லை. ஆக நிஜமான 1969 எஸ் காசில் வருஷம் இரட்டையாகவும் எஸ் ஒற்றையாகவும் இருந்தாகணும். எஸ்ஸும் சேர்ந்து இரட்டையாகத் தெரிஞ்சால் அது வேற கோளாறு, விலை கிடையாது. தயாரிப்பு முறை தெரிஞ்சவனுக்கு லேபோ மிஷினோ தேவைப்படாது, பத்து மடங்கு பெரிசாக்கும் லென்ஸ் ஒண்ணு போதும்.

எது நிஜ இரட்டை, எது பம்மாத்து

அந்த வேற கோளாறு என்ன? அதுதான் 'மெஷின் டபுளிங்'. மிஷினில் அச்சு லூசாக இருந்தால், அடிச்ச மறு கணம் அச்சு லேசாகத் துள்ளி, அப்பத்தான் பதிஞ்ச எழுத்தின் ஓரத்தை இடிச்சு நசுக்கும். பார்க்க இரட்டை மாதிரியே தெரியும். ஆனால் கவனிச்சுப் பார்த்தால் எழுத்து ஓரத்தில் படிக்கட்டு வெச்ச மாதிரி தட்டையா, பளபளன்னு ஒரு விளிம்பு இருக்கும். எழுத்தின் அகலம் கூடாது, குறைஞ்சிருக்கும். நிஜமான இரட்டிச்ச அச்சில் ரெண்டாவது உருவமும் முதல் உருவம் போலவே உருண்டு திரண்டு உயர்ந்து நிற்கும், எழுத்தின் மூலைகள் ரெண்டாகப் பிளந்திருக்கும், மொத்த எழுத்தும் அகலமாகத் தெரியும். மெஷின் டபுளிங் காசு கோடிக்கணக்கில் இருக்கு. 1969 எஸ் வருஷத்திலேயே தாராளமா உண்டு.

இன்னொண்ணு அச்சுத் தேய்மானம். அதே 1955ல் 'ஏழையின் இரட்டை' என்று செல்லப் பேர் வெச்ச காசு ஒண்ணு இருக்கு. தேஞ்சு போன அச்சில் அடிச்சதால் கடைசி 5க்குப் பக்கத்தில் நிழல் மாதிரி ஒண்ணு தெரியும். ஹப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். கேக்கிறவன் கேனையா இருந்தால் இதையே நிஜம்னு சொல்லி விப்பாங்க.

நிஜ 1955ஐ உறுதி பண்ண இன்னொரு வழி இருக்கு. பின்பக்கம் 'சென்ட்' என்ற சொல்லின் கடைசி எழுத்தான 'டி'க்கு இடது ஓரத்தில், மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியும். அந்தக் குறிப்பிட்ட பின்பக்க அச்சைத் தீட்டினப்போ விழுந்த கீறல். தலைப்பக்கக் கெட்ட அச்சோட ஜோடி போட்டு ஓடினது இந்தப் பின்பக்க அச்சு. அதனால் நிஜக் காசு எல்லாத்திலும் இந்தக் கீறல் இருக்கும். தலைப்பக்கத்தை மட்டும் மெனக்கெட்டு நகல் எடுத்த பல போலிக்காரர்கள் மாட்டிக்கிறது இங்கதான்.

இரட்டிப்பு எல்லாமே சுழற்சியால்தான் வரணும்னு இல்லை. ரெண்டு தடவையும் வெவ்வேறு ஹப் வெச்சு அழுத்தினாலும் வரும். 1942 பத்து சென்ட் வெள்ளிக் காசு இதுக்கு உதாரணம். 1941 கடைசியில் அடுத்த வருஷத்துக்கான அச்சுகளை முன்கூட்டியே செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு அச்சுக்கு முதல் அழுத்து 1941 ஹப்பில், அடுத்தது 1942 ஹப்பில். விளைவு, 2க்கு அடியில் 1 எட்டிப் பார்க்குது. பிலடெல்பியா, டென்வர் ரெண்டு ஊர்க் காசிலும் இது உண்டு.

சரி, ரேட்டு எப்படிப் போடறாங்க?

இரட்டிப்பு நிஜம்னு ஆகிட்டால் அடுத்தது நிலைமை. 1949ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய பெரிய சென்ட்களுக்காக உருவாக்கின 1 முதல் 70 வரையான மார்க் முறைதான் இன்னிக்கும் ஓடுது. 60க்கு மேலே என்றால் புழங்காத காசு. 1986, 1987 வாக்கில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற ரெண்டு நிறுவனங்கள் வந்து, காசைச் சோதிச்சு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வெச்சுத் தர ஆரம்பிச்சதும் வியாபாரமே மாறிடுச்சு.

செம்புக் காசுக்கு மார்க்கோட நிறமும் சேர்த்தி. நாணயச்சாலையிலிருந்து வரும்போது இருந்த செந்நிறம் அப்படியே இருந்தால் சிவப்பு, பாதி மங்கினால் சிவப்புப் பழுப்பு, முழுக்க மங்கினால் பழுப்பு. செம்பு காத்துப் பட்டாலே கருக்கும். விரல் ரேகை பட்டால் அந்த ரேகை அப்படியே பதிஞ்சு கருத்துடும். எழுபது வருஷம் இதிலிருந்து தப்பிச்சு வந்த சிவப்புக் காசு எவ்வளவு இருக்கும்? 1955 காசு ஓரளவு புழங்கினது ஆயிரம், ரெண்டாயிரம் டாலர் வட்டத்தில் சுத்தும்போது, 65க்கு மேல் மார்க் வாங்கின சிவப்புக் காசு ஒண்ணு 2018ல் 1,20,000 டாலருக்கு மேல் போச்சு. ஒரே அச்சு, ஒரே ராத்திரி, ஒரே மிஷின். ஒண்ணு பையில் குலுங்கினது, இன்னொண்ணு குலுங்கலை.

ஒரு விஷயம், பழைய காசைத் தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. காசைத் தேய்ச்சால் மேல்தோல் போயிடும், விலையில் பாதிக்கு மேல் அதோட போயிடும்.

எண்ணிக்கை என்ன பண்ணும்னு பார்க்க 1958ஐயும் 1995ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. 1958 இரட்டிச்ச சென்ட் உலகத்தில் மூணே மூணுதான் தெரியும். அதில் ஒண்ணு 2023 ஜனவரியில் 11 லட்சம் டாலருக்கு மேல் போச்சு. 1995 இரட்டிச்ச சென்ட்டும் வெறும் கண்ணுக்குத் தெரியும், வந்த புதுசில் நாடு முழுக்கச் செய்தியாகி ஜனங்க பாங்கு வாசலில் ரோல் வாங்கினாங்க. ஆனால் கிடைச்சது ரொம்ப ரொம்ப அதிகம். சாதாரணமா ஒண்ணு சில பத்து டாலர்தான்.

தப்பு நடக்க முடியாத மிஷின்

1990களில் நாணயச்சாலை புது முறைக்கு மாறினது. ஒரே அழுத்தில் முழு ஆழமும் பதியும் மிஷின். ரெண்டாவது அழுத்தே கிடையாது, அப்புறம் எங்கே இரட்டிப்பது? இனிமே டபுள்ட் டையே வராதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனாலும் வந்தது. அச்சுத் துண்டு லேசாகச் சாய்ஞ்சு உட்கார்ந்து, அழுத்தம் ஏறும்போது நழுவி நேராகும் அந்த நொடியில், நடுப்பகுதியில் மட்டும் சின்னதாக இரட்டிக்கும். 2009ல் லிங்கன் பிறந்த இருநூறாவது ஆண்டு நினைவாக வந்த சென்ட் ஒண்ணில், மரத்துண்டு மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் இளம் லிங்கனுக்குச் சில அச்சுகளில் ஒரு விரல் கூடுதல். ஆறாவது விரலைத் தேடி லென்ஸோட உட்கார்ந்த கூட்டம் தனிக்கதை. ஆனால் 1955 மாதிரி ஓரத்து எழுத்தெல்லாம் பிரிஞ்சு நிற்கும் கம்பீரமான தப்பு இந்த முறையில் வராது.

அதோட இன்னொரு கதவும் மூடியாச்சு. ஒரு சென்ட் அடிக்க 2024 கணக்குப்படி மூணரை சென்ட்டுக்கு மேல் செலவு. கட்டுப்படியாகாமல் 2025 நவம்பரில் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடிச்சு நிறுத்திட்டாங்க. 1793லிருந்து ஓடின கதை. புழக்கத்திலிருந்து மெல்ல மெல்லக் காணாமல் போனாலும், ஜாடிகளிலும் டப்பாக்களிலும் கோடிக்கணக்கில் கிடக்கும். அதில் அடையாளம் தெரியாத 1969 எஸ் ஒண்ணாவது இருக்காதா என்று தேடுறவங்க இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

எனக்கு இதில் உறுத்துற விஷயம் ஒண்ணு உண்டு. 1955ல் அதிகாரிகள் சிக்கனம் பார்த்து வெளியே விட்டதால் அந்தக் காசு பிழைச்சது. 1970ல் அதிகாரிகள் கண்டிப்பாக இருந்ததால் நிஜக் காசு அழிஞ்சது. ரெண்டு இடத்திலும் முடிவெடுத்தவங்க அந்தக் காசை உத்துப் பார்க்கலை. உத்துப் பார்த்தது சிகரெட் வாங்கின ஆளும், ரோல் பிரிச்ச ஆளும்தான். பொறுமையா உட்கார்ந்து ஒரு சென்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவங்களால்தான் இந்தக் காசெல்லாம் மிச்சம்.

கடைசியா ஒண்ணு, நம்ம ஊர் மக்களுக்கு. "உங்ககிட்ட இந்தப் பழைய காசு இருந்தா லட்சாதிபதி, முன்பணமா ரெண்டாயிரம் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்பாதீங்க. ரிசர்வ் வங்கி பேரைப் போட்டே இப்படி ஏமாத்துறாங்க என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டிருக்கு. அப்படிக் கமிஷனோ கட்டணமோ வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கலைன்னும் சொல்லியிருக்கு. நிஜமா விலை உள்ள காசை வாங்குறவன் உங்களுக்குத்தான் பணம் தருவான், உங்ககிட்ட கேக்க மாட்டான்.

டிஸ்கி: மேலே சொன்ன விலையெல்லாம் அந்தந்த வருஷ ஏல நிலவரம். இதை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வெச்சுக் காசு வாங்கினால் கம்பெனி பொறுப்பல்ல. உங்க வீட்டு டப்பாவில் எழுத்து ரெண்டாகத் தெரியும் காசு எதாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க, அது படிக்கட்டா, உருண்டையான்னு மட்டும் முதலில் பார்த்துட்டுச் சொல்லுங்க :-)